தீக்குச்சியும் கோலமாவும்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோர் பலருக்குக் கைவினை என்றதும் முதலில் தோன்றுவது ஆன்லைனில் விற்கும் கிட்தான். வெட்டிவைத்த அட்டை, ஒட்டவேண்டிய மணிகள், எண் போட்ட செய்முறை எல்லாம் பெட்டிக்குள்ளேயே வந்துவிடும். சொன்னபடி ஒட்டினால் மூடியில் இருக்கும் படம் அப்படியே கிடைக்கும். பிள்ளை யோசிக்க அதில் எதுவும் மிச்சமில்லை. விலை அதிகம் என்பதால் 'வீணாக்காதே' என்ற அதட்டலும் கூடவே வரும். வீணாகுமோ என்று பயப்படும் கை புதிதாக எதையும் செய்துபார்க்காது. மலிவான பொருள்களைப் பரிந்துரைக்கப் பணம் மிச்சமாவதைவிட இதுதான் எனக்குப் பெரிய காரணம்: தவறு செய்யும் உரிமை அவற்றில்தான் கிடைக்கிறது.

ஐஐடி கான்பூரில் படித்த அரவிந்த் குப்தா, 1978-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குச் சென்றபோது கையில் எடுத்தது தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும்தான். டியூபைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மருந்து சுரண்டிய குச்சிகளை இரு முனையிலும் செருகினால் இணைப்பு தயார். நான்கு குச்சியில் சதுரம் செய்து மூலையை அழுத்தினால் சரிந்து சாய்சதுரமாகிவிடும். மூன்று குச்சி முக்கோணம் சரியாது. ரயில் பாலத்துச் சட்டங்கள் ஏன் முக்கோணம் முக்கோணமாக இருக்கின்றன என்பது விரலுக்கே விளங்கிவிடும். ஜெர்மனியின் ஃப்ரோபெல் வகுத்த கிண்டர்கார்டன் முறையில் ஊறவைத்த பட்டாணியும் குச்சியும் இதே வேலையைச் செய்தன. அப்படிப்பட்ட வகுப்பில், பார்வை மங்கலான சிறுவனாக, தடவிப்பார்த்தே முக்கோணத்தின் உறுதியைக் கண்டுகொண்டதாகப் பின்னாளில் சொன்னவர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர். முக்கோணங்களால் ஆன குவிமாடக் கட்டடங்களுக்குப் பெயர்பெற்றவர் அவர்.

நம் வாசலில் இதைவிட மலிவான பாடம் இருக்கிறது. சிக்குக் கோலத்தின் இழை புள்ளிகளைத் தொடாமல் சுற்றிவந்து, புறப்பட்ட இடத்தில் சேரவேண்டும். சில கோலங்கள் ஒரே இழையில் முடியும். சிலவற்றுக்கு இரண்டு மூன்று வேண்டும். ஏன் என்று கேட்கும் பிள்ளை கணிதத்துக்குள் வந்துவிட்டது. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் 1974-இல் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுதி ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார்கள். அடுக்குமாடியில் வாசல் இல்லையென்றால் சிலேட்டும் பல்பமும் போதும், எத்தனை தடவையும் அழித்துப் போடலாம்.

இப்படிச் செய்தவை பார்க்க அழகாக இருக்காதே என்பார்கள். முதல் தடவை இருக்காதுதான். கோணலாக வந்த காகிதப் பெட்டியைப் பிரித்து மறுபடி மடிக்கும்போது எந்த மடிப்பு பிசகியது என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். கிட்டில் அந்த இரண்டாம் தடவைக்கே இடமில்லை. இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது: பொருள் மலிவானாலும் பெரியவரின் நேரம் மலிவல்ல. வேலைக்கும் போய்க்கொண்டு வீட்டில் பாடமும் சொல்லித்தரும் தாய் தந்தையர் தினம் ஒரு புதுப் பொருள் என்று அட்டவணை போட்டால் ஓய்ந்துபோவார்கள். ஒரே பொருளோடு ஒரு மாதம் இருக்கட்டும். காகிதம் என்றால் மாதம் முழுக்கக் காகிதம்தான். அலுப்பு தட்டிய பிறகுதான் பிள்ளைகள் தாங்களாக எதையாவது தொடங்குவார்கள்.

மலிவு என்பதற்காக எதையும் கையில் கொடுத்துவிடவும் முடியாது. தீக்குச்சி மருந்தைப் பெரியவரே சுரண்டி அப்புறப்படுத்தவேண்டும். மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலக்கும் பழக்கம் உண்டு. அது விஷம், பிள்ளைகளுக்கான பசையில் சேரவே கூடாது. வேண்டியபோது கொஞ்சமாகக் காய்ச்சிக்கொள்ளலாம். சிக்கனம் கூடாத இடம் கத்தரிக்கோல். மழுங்கியது காகிதத்தைக் கசக்கும், பிள்ளையோ தனக்குத்தான் வெட்ட வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். கிட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் சின்னக் கைக்கு ஏற்ற, நுனி மழுங்கி வாய் கூரான கத்தரிக்கோல் ஒன்றை வாங்கிவிடலாம்.