அலறினா அலறட்டும்... நீங்க அலறாதீங்க!

மானேஜர் ரூமுக்குள் கூப்பிட்டு, "என்னய்யா, ஆந்தை மாதிரி முழிக்கிறே?" என்று எரிந்து விழுந்தால் வருத்தப்படாதீர்கள். "தேங்க்ஸ் சார்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வெளியே வாருங்கள்.

ஆந்தை முழிப்பது பயத்தால் அல்ல. நம்மைப் போல் கண்ணை உருட்ட அதனால் முடியாது. கண் எலும்புக் குழலுக்குள் இறுக்கமாகப் பொருந்தியிருக்கிறது. அதற்குப் பதிலாகக் கழுத்தை 270 டிகிரி வரை திருப்பும். உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமல் பின்னால் யார் அரட்டை அடிக்கிறார்கள் என்று பார்த்துவிடும். இந்த வசதி மானேஜருக்கு இல்லாமல் போனது நம் அதிர்ஷ்டம்!

கூகை தெரியுமோ? வெள்ளை முகம், இதயத்தை வரைந்து வைத்தாற்போல. கோயில் கோபுரம், பாழடைந்த பங்களா, பழைய கட்டடத்துப் பொந்து, இதெல்லாம்தான் அதன் விலாசம். அதன் இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருக்காது. ஒன்று மேலே, ஒன்று கீழே. சத்தம் இரண்டு காதிலும் விழுகிற வித்தியாசத்தை வைத்தே, கும்மிருட்டில் எலி எங்கே என்று கணக்குப் போட்டுவிடும். இறக்கையின் ஓரம் சீப்பு மாதிரி இருப்பதால் பறக்கும்போது சத்தமே வராது. எலிக்கு விஷயம் தெரியும்போது எலி உயிரோடு இருக்காது.

இப்பேர்ப்பட்ட பறவைக்கு நாம் வைத்த பெயர் 'சாக்குருவி'! ராத்திரி கத்தினால் தெருவில் யாரோ போய்விடுவார்களாம். எத்தனை தடவை அலறினால் என்ன பலன் என்று பழைய பாட்டே இருக்கிறது. ஒன்று என்றால் சாவு, இரண்டு என்றால் நினைத்த காரியம் பலிக்கும், மூன்று என்றால் பெண் சேர்வாள். நம் பேச்சிலர் நண்பர்கள் மூன்றாவது அலறலுக்காக விடிய விடியக் காத்திருக்கலாம். அது கூப்பிடுவது தன் ஜோடியை, சார். உங்களுக்கு வரன் பார்க்க அல்ல.

அடியேன் படித்தது பி.காம். எதையும் வரவு செலவு எழுதிப் பார்த்தால்தான் தூக்கம் வரும். ஒரு கூகை ராத்திரிக்கு ஒரே ஒரு எலி பிடிக்கிறது என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 365. கூட்டில் நாலைந்து குஞ்சு இருந்தால் எண்ணிக்கை எங்கேயோ போய்விடும். ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லை, ஓவர்டைம் பேட்டா இல்லை. வவுச்சர்கூட உண்டு! எலியை முழுங்கிவிட்டு எலும்பையும் முடியையும் உருண்டையாகக் கக்கிவிடும். அதைப் பிரித்து மண்டையோட்டை எண்ணினால், எத்தனை எலி என்று ஆடிட்டர் பாஸ் பண்ணிவிடுவார். நெல் வயலில் விவசாயிகள் பறவை உட்காரக் குச்சி நட்டு வைப்பதும், மலேசியாவில் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் கூகைக்குப் பெட்டி கட்டி வைப்பதும் சும்மா இல்லை.

இவ்வளவு லாபம் தரும் பார்ட்னருக்கு நாம் தரும் போனஸ் என்ன?

வடக்கே லட்சுமியின் வாகனம் ஆந்தை. அதே லட்சுமி வீட்டுக்கு வர வேண்டுமென்று, தீபாவளி சமயத்தில் மாந்திரீகக்காரர்கள் ஆந்தையைப் பலி கொடுக்கிறார்கள். வாகனத்தை வெட்டிவிட்டு அம்மனை எதில் வரச் சொல்கிறார்களோ! இந்தியாவில் உள்ள சுமார் 30 வகை ஆந்தைகளில் 15 வகை வியாபாரத்தில் சிக்கியிருப்பதாக, 'டிராஃபிக் இந்தியா' 2010-ல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. ஹாரி பாட்டர் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் ஆந்தை வேண்டும் என்று அடம்பிடிப்பதும் ஒரு காரணம் என்றார் அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். கம்பி எண்ண வேண்டி வரும்.

நம் கைவரிசை இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, மாஞ்சா நூல். மரத்தில் சிக்கிக் கிடக்கும் நூல் ராத்திரி பறக்கிற பறவையின் இறக்கையை அறுத்துவிடும். இரண்டாவது, எலி மருந்து. மருந்து தின்று தள்ளாடும் எலியை ஆந்தை சுலபமாகப் பிடிக்கும். எலிக்கு வைத்த விஷம் ஆந்தைக்கும் போய்ச் சேரும். நியூயார்க் மிருகக்காட்சி சாலையிலிருந்து 2023-ல் தப்பி ஊரையே தலை நிமிர்ந்து பார்க்க வைத்த 'ஃபிளாக்கோ' என்ற ஆந்தை, 2024 பிப்ரவரியில் இறந்தது. சோதித்தபோது புறாக்களிடமிருந்து வரும் வைரஸோடு, உடம்பில் 4 விதமான எலி மருந்தும் இருந்தது.

சரி, ஒரு நாள் காலை ஆபீஸ் மாடியில் ஆந்தை ஒன்று விழுந்து கிடக்கிறது. சுற்றிலும் காக்கைக் கூட்டம். பகலில் கூகையைக் காக்கை ஜெயித்துவிடும் என்று வள்ளுவர் என்றைக்கோ சொல்லிவிட்டார். நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

முதலில் காக்கையை விரட்டுங்கள். பழைய துண்டை மேலே போட்டு மெதுவாக எடுங்கள். அலகைவிட நகம் ஆபத்து, காலில் ஜாக்கிரதை! ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து மூடிவிடுங்கள். இருட்டும் அமைதியும்தான் முதலுதவி. "பாவம், பசிக்குமே" என்று பாலும் பிரெட்டும் ஊட்டாதீர்கள். அது எலி தின்னும் ஜாதி. வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலில் போய்விடும். அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனைக் கூப்பிட்டு செல்ஃபி எடுக்க வேண்டாம்; பயத்திலேயே உயிர் போகலாம். உடனே வனத்துறைக்குப் போன். சென்னை என்றால் புளூ கிராஸும் இருக்கிறது.

காயமில்லாத குஞ்சு என்றால், கூடு தெரிந்தால் கூட்டிலேயே வைத்துவிடுங்கள். மனுஷன் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை. இருட்டியதும் தாய் வரும்.

மற்றதை விஷயம் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உடைந்த எலும்புக்குக் கட்டுப் போடுவார்கள். முறிந்த சிறகின் அடிக்குருத்தில், வேறொரு ஆந்தை உதிர்த்த சிறகைச் செருகி ஒட்டும் வித்தைகூட உண்டு. குஞ்சாக இருந்தால் முகத்தை மறைத்துக்கொண்டுதான் ஊட்டுவார்கள். மனுஷ முகத்தையே பார்த்து வளர்ந்தால், தானும் மனுஷன் என்று அது நினைத்துவிடும். அப்புறம் காட்டில் பிழைக்காது. நாம் கொஞ்சினால் நமக்கு சந்தோஷம். அதற்கு ஆயுள் தண்டனை.

பெரிய கூண்டில் பறந்து பழகி, தானாக இரை பிடிக்கும் என்று தெரிந்த பிறகு, கிடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சாயங்காலம் பெட்டியைத் திறப்பார்கள். சத்தமே இல்லாமல் ஒரு வீச்சு. அவ்வளவுதான்.

நன்றி சொல்லாது. 270 டிகிரி திரும்பும் கழுத்து இருந்தும், திரும்பிக்கூடப் பார்க்காது. அப்படிப் போனால்தான் வைத்தியம் பலித்தது என்று அர்த்தம்!