மோட்டார் வண்டியின் தெளிபூச்சும் மெருகும்

புதிய மோட்டார் வண்டியின் கூரையில் அருகிலுள்ள மரத்தின் கிளைகள் நிலைக்கண்ணாடியில் தோன்றுவதுபோலத் தெளிவாகத் தோன்றும். சில ஆண்டுகள் ஓடிய வண்டியிலோ அதே கிளைகள் மங்கித் தோன்றுகின்றன. வெயிலில் நின்று நோக்கினால் சூரிய பிம்பத்தைச் சுற்றிச் சிலந்திவலை போன்ற நுண்ணிய கீறல்களும் தென்படும். இவற்றைப் போக்குவதற்காகவே பட்டறைகளில் பரப்பைத் தேய்த்து மெருகேற்றுகின்றனர். மெருகேற்றுதல் என்றவுடன் பரப்பின்மேல் ஏதோ ஒரு பொருளைச் சேர்ப்பதாகவே பலர் கருதுகின்றனர். உண்மையில் அங்கிருந்து ஒரு பகுதி தேய்த்து நீக்கப்படுகிறது. எவ்வளவு நீக்கலாம் என்பதே இத்தொழிலின் முக்கியமான கேள்வி.

இக்காலத்து வண்டியின் எஃகுத் தகட்டின்மேல் பல படலங்கள் அமைந்துள்ளன. துருவைத் தடுக்கும் பொருட்டு மின்சாரத்தின் உதவியால் படியவைக்கப்படும் அடிப்பூச்சு சுமார் 20 மைக்ரான் கனமுடையது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன்மேல் பிரைமர் 30 முதல் 40 மைக்ரானும், வண்டிக்கு நிறந்தரும் பூச்சு 15 மைக்ரான் அளவிலும் அமையும். எல்லாவற்றிற்கும் மேலாக நிறமற்ற தெளிபூச்சு 40 முதல் 50 மைக்ரான் வரை பூசப்படுகிறது; பட்டறைகளில் இதனைக் ‘கிளியர்’ என்பர். மனிதனின் தலைமயிர் ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைவிற் கொண்டால் இப்படலம் எத்துணை மெல்லியது என்பது விளங்கும். பழைய வண்டிகளில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் அடங்கியிருந்தன. மெருகேற்றும் துணியில் வண்டியின் நிறம் ஒட்டிக்கொள்ளும். இரு பூச்சு முறை 1980-களிலிருந்து பரவலாயிற்று.

பரப்பு மின்னுவதற்கும் மங்குவதற்கும் அளவுகோலாக அமைவது ஒளியின் அலைநீளம். கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் சுமார் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. நேராக விழும் ஒளிக்கு, பரப்பின் மேடுபள்ளங்கள் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவாக இருப்பின் கதிர்கள் ஒழுங்காகத் திரும்பிப் பிம்பத்தை உண்டாக்கும். மிகுந்தால் பல திசைகளிலும் சிதறிவிடும். இது பௌதிக விஞ்ஞானி ராலே பிரபுவின் பெயரால் வழங்கும் விதி. சாய்வாக விழும் ஒளிக்கு இவ்வரம்பு தளர்கிறது. ஆகவேதான் உப்புத்தாளால் தேய்த்து மங்கிய தகடும், கண்ணை அதன் மட்டத்துக்குத் தாழ்த்தி நோக்கினால் பளபளக்கிறது. வேலை முடிந்ததா என்பதை அவ்வாறு சோதிக்கலாகாது. நேராக நின்று நோக்குதல் வேண்டும்.

பூச்சைத் தெளிக்கும்போது துளிகள் நன்கு பரவாமல் இறுகிவிட்டால் ஆரஞ்சுப் பழத்தோல் போன்ற நெளிவு ஏற்படும். இது கீறலினின்றும் வேறானது. இந்நெளிவு ஒளியைச் சிதறச் செய்வதில்லை. பிம்பத்தை மட்டும் கோணலாக்குகிறது. மெத்தென்ற பஞ்சுத் திண்டைக்கொண்டு எவ்வளவு மெருகேற்றினாலும், அது மேட்டிலும் பள்ளத்திலும் ஒருங்கே படிந்து செல்வதால் நெளிவு பெரிதும் அப்படியே நிற்கும். கட்டையிற் சுற்றிய தாளால் மேடுகளை மட்டும் அரைத்து மட்டமாக்குவதே இதற்கு வழி.

தெளிபூச்சுக்கு மற்றொரு பணியும் உண்டு. சூரிய வெளிச்சத்திலுள்ள புற ஊதாக் கதிர்களை உறிஞ்சும் ரசாயனப் பொருள்கள் அதில் கலக்கப்பட்டிருக்கின்றன. அவை கீழேயுள்ள நிறப்பூச்சையும் பிரைமரையும் காக்கின்றன. 40 மைக்ரான் கனமுள்ள படலம் இக்கதிர்களில் நூற்றில் ஒரு பங்கை மட்டும் கீழே விடுகிறது என்று கொள்வோம். அதனைத் தேய்த்து 30 மைக்ரானாக்கினால் நூற்றில் மூன்று பங்குக்குச் சற்று மேலாகக் கசியும். 20 மைக்ரானாக்கினாலோ நூற்றில் பத்துப் பங்கு கசியும். கனம் பாதியாகும்போது கசிவு பத்து மடங்காகிறது. தேய்த்த அன்று கண்ணுக்கு எவ்வித வேறுபாடும் தோன்றாது. சில கோடைகள் சென்றபின் தெளிபூச்சு வெண்திட்டுகளாக உரியத் தொடங்கும். தொழிற்சாலைப் பூச்சில் வண்டியின் ஆயுட்காலத்திற்கும் சேர்த்துச் சுமார் 8 மைக்ரானுக்கு மேல் நீக்கலாகாது என்று பொதுவாகக் கூறப்படுவது இதனாலேயே. ஆண்டுதோறும் மெருகேற்றுவது நல்ல பராமரிப்பு என்னும் எண்ணம் நம் நாட்டில் வேரூன்றியிருப்பது வருந்தத்தக்கது. வெயில் மிகுந்த நாட்டில் தெளிபூச்சைச் சிக்கனமாகச் செலவிடுவதன்றோ முறை?

தேய்ப்பதற்குப் பட்டறையாளர் பயன்படுத்தும் ‘வாட்டர் பேப்பர்’ சிலிக்கன் கார்பைடுத் துகள்கள் பதித்த, நீரில் ஊறினாலும் கிழியாத தாள். அமெரிக்காவிலுள்ள மின்னசோட்டா மைனிங் கம்பெனி 1921-ஆம் ஆண்டில் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உலர்ந்த தாளால் தேய்க்கையில் எழும் தூசி தொழிலாளர்க்கு ஊறு செய்துவந்தது. நீர் அதனை அடக்கிற்று. ஐரோப்பிய அளவுமுறையில் 1500 எண் தாளின் துகள் சுமார் 13 மைக்ரானும், 2000 எண் தாளின் துகள் சுமார் 10 மைக்ரானும் உடையது.

முதலில் வண்டியை நன்கு கழுவுதல் வேண்டும். தாளின்கீழ் அகப்பட்ட ஒரே மணல் முழுவேலையையும் கெடுத்துவிடும். சில துளி சோப்புக் கலந்த நீரில் தாளை ஊறவைத்து, ரப்பர்க் கட்டையிற் சுற்றி, அழுத்தமின்றி நேர்க்கோட்டில் தேய்க்க வேண்டும். அடிக்கடி நீரை வழித்துவிட்டுப் பார்த்தால் தேய்ந்த இடம் மங்கியும், பள்ளங்கள் பளபளத்தும் தெரியும். வழியும் நீர் பால்போல் வெளுத்திருக்கும் வரையில் தெளிபூச்சே தேய்கிறது. அதில் வண்டியின் நிறம் கலந்தால் தெளிபூச்சு அவ்விடத்தில் தீர்ந்துவிட்டது. மறுபடி பூசுவதைத் தவிர வேறு வழியில்லை. அடுத்த எண் தாளால் முந்தியதற்குக் குறுக்காகத் தேய்த்தால், பழைய கோடுகள் மறைந்தனவா என்பது எளிதிற் புலப்படும். நகத்தால் வருடுகையில் நகம் தடுக்குமளவு ஆழமான கீறலை முற்றும் போக்க முயலலாகாது; அதன் ஓரங்கள் மழுங்கினாலே போதும்.

பின்னர் அலுமினா முதலிய மிக நுண்ணிய துகள்களடங்கிய ரப்பிங் காம்பவுண்டைக் கம்பளித் திண்டிலும், இறுதியில் பஞ்சுத் திண்டிலும் இட்டுச் சுழல் இயந்திரத்தால் மெருகேற்றுவர். இதுவும் தேய்ப்பே, கோடுகள் ஒளியின் அலைநீளத்தினும் மிகச் சிறியனவாகும் வரை தொடர்கிறது. எண்ணெயும் மெழுகும் கலந்த சில காம்பவுண்டுகள் கீறல்களை அடைத்து மறைத்துவிடுகின்றன. பல முறை கழுவியதும் அவை மீண்டும் தோன்றும். இயந்திரத்தை ஓரிடத்தில் நிறுத்தினால் பூச்சு சூடேறி இளகும். எஃகுத் தகடு வெப்பத்தை விரைவிற் பரப்பிவிடும். பிளாஸ்டிக் பம்பர் அவ்வாறு செய்யாததால் அங்கு மிகுந்த எச்சரிக்கை தேவை. கதவின் ஓரங்களிலும் தகட்டின் மடிப்புக் கோடுகளிலும் பூச்சு இயல்பாகவே மெலிந்திருக்கும். அவற்றின்மேல் முன்னதாகவே டேப் ஒட்டிக் காத்தல் நன்று.

பூச்சின் கனத்தை அளக்கும் கருவிகள் உள. ஆயினும் காந்தத் தூண்டலால் இயங்கும் சாதாரணக் கருவி எல்லாப் படலங்களின் மொத்தக் கனத்தையே காட்டும். அது 120 மைக்ரான் என்று காட்டினால் அதில் தெளிபூச்சு எவ்வளவு என்பது தெரியாது. மறுபூச்சுப் பெற்ற வண்டியில் இம்மயக்கம் இன்னும் மிகுதி. படலங்களைத் தனித்தனியே அளக்கக் கேளா ஒலியலைக் கருவி வேண்டும். அதன் விலை சிறு பட்டறைக்கு எட்டுவதன்று.

இக்கீறல்கள் பெரும்பாலும் எவ்வாறு உண்டாகின்றன என்பதும் கருதத்தக்கது. வட இந்திய நகரங்களில் கோடையில் மேற்கிலிருந்து புழுதிக்காற்று வீசும். அப்புழுதியிலுள்ள குவார்ட்ஸ் மணல் தெளிபூச்சைவிடப் பன்மடங்கு கடினமானது. காலையில் உலர்ந்த துணியாலோ, ஒரே வாளி நீரில் பத்து வண்டிகளுக்கு நனைத்த துணியாலோ துடைக்கும்போது அம்மணல் உப்புத்தாளின் வேலையைச் செய்துவிடுகிறது. நீரைத் தாராளமாக ஊற்றிப் புழுதியை ஓட்டிய பின்னரே துணியை வைத்தல் வேண்டும்.

உரியத் தொடங்கிய தெளிபூச்சை மெருகேற்றிப் பயனில்லை. தேய்ந்து மின்னுவதற்கு அங்குப் படலமே இல்லை. பழையதை நீக்கிப் புதிதாகத் தெளிக்க வேண்டும். பட்டறைகளில் தெளிக்கப்படும் பாலியூரிதேன் பூச்சின் கெட்டிப்படுத்தும் திரவத்தில் ஐசோசயனேட் என்னும் பொருள் உள்ளது. தெளிக்கையில் அதன் நுண்திவலைகளைத் தொடர்ந்து சுவாசிப்போர்க்கு ஆஸ்துமா உண்டாகக்கூடும்; ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டபின் மிகச் சிறிய அளவும் மூச்சுத்திணறலைத் தரும். மூக்கைச் சுற்றிக் கட்டும் கைக்குட்டையும், தூசியைத் தடுக்கும் காகித முகமூடியும் இதனைத் தடுக்கமாட்டா. காற்றோட்டமுள்ள தனியறையும், வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய்வழி செலுத்தும் முகமூடியும் தேவை.