கண்ணீர்ச் சுரப்பியில் தோன்றும் கட்டிகள்

கண்ணீர் என்றவுடன் துயரமே நம் நினைவுக்கு வருகிறது. ஆயினும் நாம் அழாத வேளைகளிலும் கண்ணை ஈரமாக வைத்துக் காப்பது அதுவே. கண்ணீரைச் சுரக்கும் பிரதான சுரப்பி, புருவத்தின் வெளிமுனைக்குக் கீழே, நெற்றியெலும்பிலுள்ள சிறு குழியொன்றில் அமைந்திருக்கிறது. வாதுமைப் பருப்பின் அளவினதான இவ்வுறுப்பிலும் கட்டி உண்டாவதுண்டு. இது அரிய நோய். அரியதாயிருப்பதனாலேயே பலரும் இதனைச் சாதாரணக் கண்கட்டி என்று எண்ணிக் காலத்தைப் போக்கிவிடுகின்றனர்.

சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில் இத்தாமதத்திற்கு வேறு காரணமும் உண்டு. கேகாலைப் பகுதியில் விடியற்காலையில் றப்பர் பால் வெட்டச் செல்வோருக்கும், இரத்தினபுரி மலைச்சரிவுகளில் கொழுந்து பறிப்போருக்கும், வைத்தியசாலைக்குச் செல்லும் நாள் பெரும்பாலும் சம்பளம் இழக்கும் நாளாகும். ஆகவே இமை வீங்கினால், காரணம் லயத்திலேயே தேடப்படுகிறது. கண்ணூறு பட்டது என்பார் ஒருவர். அடுப்புப் புகை என்பார் மற்றொருவர். றப்பர் பால் தெறித்தது என்பார் இன்னொருவர். ஓயாது அழுததன் பயன் என்று நோயாளியின் மீதே பழி சுமத்துவாரும் உளர்.

புகையும் றப்பர் பாலும் கண்ணை உறுத்திச் சிவக்கச் செய்யும் என்பது உண்மையே. ஆனால் அவற்றால் இச்சுரப்பியில் கட்டி வளர்கிறது என்பதற்கு ஆதாரமில்லை. அழுகையும் காரணமன்று. இது தொற்றுநோயுமன்று, பொதுவாகப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவதுமன்று.

அவ்வாறாயின் காரணந்தான் யாது? பெரும்பாலான கட்டிகளுக்கு உறுதியான புறக்காரணம் எதனையும் மருத்துவம் கண்டறியவில்லை. கலங்களுக்குள் நிகழும் மாற்றங்கள் சில மட்டும் தெரியவந்துள்ளன. அடினாய்ட் சிஸ்டிக் கார்சினோமா என்னும் புற்றுநோயில், 6ஆம், 9ஆம் நிறமூர்த்தங்கள் உடைந்து இடம்மாறி இணைவதால் இரு பரம்பரையலகுகள் ஒன்றாகி விடுவதை, சுவீடன் நாட்டு ஆய்வாளர் உள்ளிட்ட குழுவினர் 2009ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இம்மாற்றம் பிறப்பில் வருவதன்று. வாழ்நாளில் அக்கலங்களில் மட்டும் நேர்வது. கண்ணும் வாயும் வறண்டுபோகும் சோகிரன் நோய் உடையோருக்கு லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்று தோன்றும் வாய்ப்பு ஏனையோரிலும் அதிகம். கூகைக்கட்டு, காசநோய் முதலியவற்றாலும் சுரப்பி வீங்கலாம். எனினும் அது அழற்சியேயன்றிப் புற்றன்று.

கட்டிகளுள் தீங்கற்றவையும் உள, கொடியவையும் உள. பிளியோமோர்பிக் அடினோமா என்னும் தீங்கற்ற கட்டி, வலியின்றி, ஓராண்டுக்கு மேலாக மெல்ல வளரும். அது விழியைக் கீழ்நோக்கியும் மூக்கின் பக்கமாகவும் தள்ளும். சில வேளை ஒரு பொருள் இரண்டாகத் தோன்றும். அடினாய்ட் சிஸ்டிக் புற்றோ சில மாதங்களிலேயே பெருத்து, நரம்புகளின் வழியே பரவும். ஆதலால் அதில் வலியும் மரத்துப்போதலும் காணப்படும். இமைவீக்கத்துடன் ஓயாத வலியும் இருந்தால் ஒருபோதும் காத்திருத்தலாகாது.

கட்டியைக் கண்டபடி கீறுவதும் ஆபத்தே. தீங்கற்ற கட்டியை அதன் உறையோடு முழுமையாக அகற்றல் வேண்டும். 1978இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றின்படி, அவ்வாறு அகற்றப்பட்டோரில் ஐந்தாண்டுகளுள் கட்டி மீண்டும் தோன்றியது 100க்கு 3 பேருக்கும் குறைவாகவே. முதலில் கீறித் துண்டெடுக்கப்பட்டோரிலோ 32 பேருக்கு. மீண்டும் வருவது சில வேளை புற்றாகவும் மாறும். ஆகையால் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்த்த பின்னரே நிபுணர் கத்தியைக் கையிலெடுப்பார். புற்றென்று ஐயுற்றால் சிறு துண்டெடுத்துச் சோதித்து, சத்திரசிகிச்சையும் கதிர்ச்சிகிச்சையும் அளிப்பர்.

இதற்கான வழி நம் நாட்டில் இல்லாமலில்லை. தோட்ட வைத்திய நிலையத்திலிருந்து இரத்தினபுரி அல்லது கேகாலை அரசாங்க வைத்தியசாலைக்கும், தேவைப்படின் கொழும்புத் தேசிய கண் வைத்தியசாலைக்கும், புற்றாயின் மகரகமை அபேக்ஷா வைத்தியசாலைக்கும் செல்லலாம். அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. பேருந்துச் செலவும் இழக்கும் சம்பளமுமே ஏழைக்குப் பெருந்தடை. நோயாளியைத் தனியே அலையவிடாது, படித்த பிள்ளைகள் உடன் செல்வார்களாயின் அத்தடை ஓரளவு குறையும்.

மாணவர்கள் வீட்டிலேயே செய்யத்தக்க எளிய சோதனை ஒன்றுண்டு. பெரியவர்களை வெளிச்சத்தில் நேரே பார்க்கச் சொல்லி, இரு விழிகளும் ஒரே மட்டத்தில் உள்ளனவா என்று நோக்குங்கள். ஐயமிருப்பின் அவர்களது அடையாள அட்டையிலுள்ள பழைய படத்துடன் ஒப்பிடுங்கள். ஒரு விழி தாழ்ந்தோ முன்தள்ளியோ இருந்தால், அல்லது மேலிமையின் வெளிப்புற வீக்கம் சில வாரங்களாகியும் வடியாதிருந்தால், அந்தப் படத்தையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். வீக்கம் எப்போது தொடங்கியது என்பதை அவர் கணிப்பதற்கு அது பெரிதும் உதவும்.