தாளம் எட்டுகிறது, ராகம் எட்டுமா?

மயிலாப்பூர் சபாவில் ஆதி தாளம் போடும் ரசிகரைக் கவனியுங்கள். லகுவுக்கு ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும். இரண்டு திருதங்களுக்குத் தலா ஒரு தட்டும் வீச்சும். எட்டு அட்சரங்களும் கையிலேயே தெரிந்துவிடும். காது கேளாதவரும் இதைக் கண்ணால் பின்தொடரலாம். மிருதங்கத் தொப்பியின் அதிர்வை உடம்பால் உணரலாம். காது கேளாதவருக்கு இசையைக் கொண்டுசேர்க்கும் தொழில்நுட்பம் திணறுவது ராகத்தில்தான்.

அதிர்வுச் சட்டை

இந்தச் சட்டை பாட்டின் ஒலியைப் பிரித்து, முதுகிலும் மார்பிலும் பதித்த சிறு அதிர்வுக் கருவிகளுக்கு அனுப்புகிறது. தோலுக்கு 250 ஹெர்ட்ஸ் அளவிலான அதிர்வு நன்றாகப் புரியும். 1,000-ஐத் தாண்டினால் பெரும்பாலும் உறைக்காது. ஒரு கட்டையில் பாடும் ஆணின் மத்திய ஸட்ஜம் சுமார் 130 ஹெர்ட்ஸ். ஆகவே சுருதியின் அடிநாதம் கிடைக்கும். குரலின் குழைவும் நிறமும் நழுவிவிடும். ஆனாலும் அதிர்வு பயனற்றதல்ல. ஸ்காட்லாந்தின் தாளக் கலைஞர் எவலின் கிளென்னி 12 வயதுக்குள் செவித்திறனைப் பெரும்பாலும் இழந்தவர். தரையின் அதிர்வை வாங்கிக்கொள்ள வெறுங்காலுடன் மேடையேறி உலகப் புகழ் பெற்றார்.

காக்ளியர் இம்ப்ளான்ட்

ராஜா அண்ணாமலைபுரத்தின் மெட்ராஸ் இ.என்.டி. ஆய்வு மையம், உட்செவியில் மின்முனைகளைப் பொருத்திக் கேட்கவைக்கும் இந்தச் சிகிச்சையில் முன்னோடி. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. காது கேளாத சிறு குழந்தைகளுக்குப் பேசக் கற்றுத்தரும், அடையாறில் உள்ள பால வித்யாலயா பள்ளி 1969 முதல் இயங்கிவருகிறது.

பேச்சுக்குக் காக்ளியர் கருவி பெரும் துணை. இசைக்கு அப்படியில்லை. உட்செவியில் ஒலியை நரம்புக்குக் கடத்தும் மயிர்ச் செல்கள் சுமார் 3,500. கருவியிலோ பொதுவாக 12 முதல் 22 மின்முனைகள்தான். சங்கராபரணத்துக்கும் கல்யாணிக்கும் ஸ்வரத்தில் வேறுபாடு மத்யமம் மட்டுமே. அந்த அரை ஸ்வர இடைவெளி பலருக்குப் பிடிபடுவதில்லை. கமகம் அதைவிடக் கடினம். தாளமோ ஏறக்குறைய முழுமையாகக் கிடைக்கிறது. தொடர்ந்த இசைப் பயிற்சியால் ஸ்வர உணர்வும் ஓரளவு கூர்மையாகும்.

சபாக்கள் என்ன செய்யலாம்?

மிருதங்கத்துக்குத் தனி மைக் வைப்பது வழக்கம்தான். அந்த ஒலியைச் சில நாற்காலிகளில் பொருத்திய அதிர்வுக் கருவிகளுக்கும் அனுப்பலாம். பாடல் வரி, ராகம், தாளம், எடுப்பு ஆகியவற்றைத் திரையில் காட்டலாம். தொடங்குவதற்கு ஏற்ற இடம், தாள வாத்தியங்கள் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனம். அங்கே ராக ஆலாபனை இல்லை, எல்லாம் கணக்குதான்.