உங்கள் வயலில் மாணவர் ஆய்வு நடக்கிறதா?

நடவு முடிந்த வயலில் ஒரு மாணவி அக்ரிலிக் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அரை மணி நேரம் காத்திருந்து சிரிஞ்சில் காற்று எடுப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். நெல் வயலில் இருந்து வெளியேறும் மீத்தேனை அளக்கும் ஆய்வு அது. தண்ணீர் தேங்கிய சேற்றில் காற்று புகாதபோது நுண்ணுயிர்கள் இந்த வாயுவை உண்டாக்குகின்றன. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் அது குறையும். எவ்வளவு குறைகிறது என்று சொல்ல, நடவு முதல் அறுவடை வரை குறித்த இடைவெளியில் மாதிரி எடுத்தாக வேண்டும்.

ஒரு நாள் அடைமழை. மாணவி வரவில்லை. நோட்டில் அந்த நாளுக்கான கட்டம் காலி. முந்தைய எண்ணுக்கும் பிந்தைய எண்ணுக்கும் நடுவில் ஒன்றை எழுதிவிட்டால் யாருக்குத் தெரியும்?

முதுகலை மாணவர்களுக்கு ஆய்வு நெறி வகுப்பை நான் இந்தக் காலிக் கட்டத்தில்தான் தொடங்குகிறேன். இடைப்பட்ட நாளைக் கணக்கிட்டு நிரப்புவது தவறல்ல. 'இது அளந்தது அல்ல, கணக்கிட்டது' என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். அளந்ததுபோல் எழுதினால் அது மோசடி. பாத்தியே பாழானாலும் வழி உண்டு. விடுபட்ட பாத்தியை எப்படிக் கையாளலாம் என்று 1933-லேயே இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் இருந்த ஃபிராங்க் யேட்ஸ் காட்டிவிட்டார். முடிவின் உறுதி சற்றுக் குறையும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

இதைச் சொல்லும்போது என் கதையையும் சொல்வேன். மாணவனாக இருந்தபோது ஒரு பாத்தியின் மண் மாதிரிப் பையைத் தொலைத்துவிட்டேன். பக்கத்துப் பாத்தியின் எண்ணைக் கொஞ்சம் மாற்றி எழுதினேன். வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொல்லும் துணிச்சல் இல்லை. அந்த எண் இன்றும் என் ஆய்வேட்டில் இருக்கிறது. வகுப்பில் அதைச் சொல்லி முடித்ததும் சிறிது நேரம் யாரும் பேச மாட்டார்கள். பிறகு தயங்கித் தயங்கி ஒருவராவது தன் நோட்டை எடுத்துக்கொண்டு வருவார்.

ஓர் எண்தானே என்று உங்களுக்குத் தோன்றலாம். நாங்கள் அறுவடை செய்து எடை போடும் பாத்தி சில சமயம் 20 சதுர மீட்டர்தான். அதை ஹெக்டேருக்கு மாற்ற 500-ஆல் பெருக்குகிறோம். பாத்தியில் 300 கிராம் கூட்டி எழுதினால் ஹெக்டேருக்கு 150 கிலோ. ஏக்கருக்கு ஏறக்குறைய 60 கிலோ. டெல்டா கணக்கில் ஒரு மூட்டை! அந்த மூட்டையை நம்பி உரத்துக்கும் மருந்துக்கும் செலவு செய்யப்போவது நீங்கள்.

நோட்டுக்கு வெளியேயும் நெறி உண்டு. ஆய்வில் ஒப்பீட்டுப் பாத்தி என்று ஒன்று இருக்கும். அதற்குத் தழைச்சத்து போட மாட்டோம்; பூச்சி ஆய்வு என்றால் மருந்து அடிக்க மாட்டோம். அங்கே விளைச்சல் குறையும் என்பது எங்களுக்கு முன்பே தெரியும். அந்த இழப்பை யார் தருவார்கள் என்பதை நடவுக்கு முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். புகையான் ஆய்வு என்றால் பக்கத்து வயல்காரரையும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். பூச்சி வரப்பைப் பார்த்து நிற்காது. இதை மறந்துவிட்டுப் பின்னால் பஞ்சாயத்தில் போய் நின்ற ஆய்வாளர்கள் உண்டு.

இடையில் 'போதும் தம்பி, நிறுத்திக்கொள்' என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. உங்கள் பெயரும் புகைப்படமும் வர வேண்டுமா, வேண்டாமா என்பதும் உங்கள் விருப்பமே. ஆய்வு முடிந்ததும் முடிவைக் கேளுங்கள். பல வயல்களில் மண்ணை அள்ளிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்ததே இல்லை. நானும் அப்படிப் போனவன்தான்.

இப்போது என் மாணவர்கள் அறுவடை முடிந்ததும் தமிழில் ஒரு தாள் எழுதி நில உரிமையாளரிடம் கொடுக்கிறார்கள். மண்ணின் கார அமிலத் தன்மை, சத்துகளின் அளவு, ஒவ்வொரு பாத்தியின் விளைச்சல் எல்லாம் அதில் இருக்கும். போன பருவத்தில் அப்படி ஒரு தாளை வாங்கிய பெரியவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிசையாகப் படித்துவிட்டு ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இது என்ன தம்பி, கோடு போட்டிருக்கு?"

"எலி தின்ன பாத்தி ஐயா. எடை போட முடியல."

"ஆமா, எனக்குத் தெரியும்" என்றார் அவர்.