ஹெட்டர் குழாயும் பேத்தியின் தலைவலியும்

சென்ற மாதச் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, பாறசாலைப் பக்கத்து அன்பர் ஒருவர் என்னிடம் வந்தார். "சார், பையன் காருக்கு ஹெட்டர் போடணும்னு ஒரே பிடிவாதம். பதினைந்தாயிரம் கேக்கிறான். நீங்க ரயில்வேயில் எஞ்சின் பார்த்தவராச்சே, அது என்ன சமாசாரம், போடலாமா?" என்றார். இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் நின்ற நம் இதழாசிரியர், "அதையே எழுதிக் கொடுத்துடுங்களேன்" என்று சொல்லிவிட்டார். இந்த ஹெட்டர் விவகாரத்தில் நான் பட்ட பாடு அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தலைப்பையும் அவரே கொடுத்திருப்பார்.

முதலில் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். காரின் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் இருந்தால் நான்கு துவாரங்கள் வழியாக எரிந்த புகை வெளியே வரும். அந்த நான்கையும் ஒன்றாகச் சேர்த்துச் சைலன்சருக்கு அனுப்பும் வார்ப்பிரும்புத் துண்டுக்கு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு என்று பெயர். கம்பெனி கொடுப்பது பெரும்பாலும் குட்டையாக, கனமாக இருக்கும். விலை குறைவு, உழைப்பு அதிகம், சத்தம் கம்மி. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக நீண்டு வளைந்த எஃகுக் குழாய் வைத்துப் பிறகு ஒன்றாகச் சேர்ப்பதுதான் ஹெட்டர்.

அதனால் என்ன லாபம்? ரயில்வேக்காரனுக்கு இது புரிய நீராவி எஞ்சினை நினைத்தால் போதும். சிலிண்டரில் வேலை முடித்த நீராவியைச் சும்மா வெளியே விடுவதில்லை. புகைபோக்கிக்கு நேர் கீழே ஒரு குழாய் வழியாகப் பீய்ச்சிவிடுவார்கள். அது மேலே பாயும்போது கொதிகலனுக்குள் இருக்கும் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்பில் அடுப்புக்குள் புதுக் காற்று வரும். "குக் குக்" என்று நாம் சிறுவயதில் கேட்டது அந்தச் சத்தம்தான். பின்லாந்தின் கைலாலா, பிரான்ஸின் ஷாப்பெலான் என்ற இரு பொறியாளர்கள் இந்தப் போக்குக் குழாயைத் திருத்தி அமைத்ததில் எஞ்சின்களின் சக்தி கூடியது. 1938-ல் மணிக்கு 126 மைல் ஓடி நீராவி எஞ்சின் சாதனை படைத்த இங்கிலாந்தின் 'மல்லார்டு' எஞ்சினில் இருந்தது அவர்கள் பெயரைச் சேர்த்து 'கைல்சாப்' என்று அழைக்கப்பட்ட அமைப்புதான்.

பெட்ரோல் எஞ்சினிலும் இதே கதைதான், அளவு மட்டும் சிறியது. பிஸ்டன் அடிமட்டத்தை எட்டுவதற்கு முன்பே புகை வால்வு திறந்துகொள்ளும். உள்ளே அழுத்தம் மிச்சம் இருப்பதால் புகை ஓர் அலையாகக் குழாயில் பாயும். குழாய் வேறு குழாயோடு சேருமிடத்துக்கு வந்ததும், அந்த அலையின் ஒரு பகுதி உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி வரும். அது சரியான நேரத்தில் வால்வுக்கு வந்து சேர்ந்தால், சிலிண்டரில் தங்கிய பழைய புகையை இழுத்துவிட்டுப் புதுக் கலவைக்கு இடம் செய்யும். ஆகவே குழாயின் நீளமும் விட்டமும்தான் எல்லாம். நான்கு சிலிண்டர் எஞ்சின் வழக்கமாக 1-3-4-2 என்ற வரிசையில் எரியும். ஒன்றையும் நான்கையும் ஒரு ஜோடி, இரண்டையும் மூன்றையும் ஒரு ஜோடி என்று சேர்த்துப் பிறகு ஒன்றாக்கினால் நடுத்தர வேகத்தில் பலன். நான்கையும் ஒரே இடத்தில் சேர்த்தால் உயர்ந்த வேகத்தில் பலன். எப்படிச் செய்தாலும் அலை ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில்தான் நேரத்துக்கு வந்து சேரும். மற்ற வேகங்களில் உதவாது, சில சமயம் கெடுதலும் செய்யும். கடைக்காரர் சொல்லாமல் விடும் விஷயம் இது.

இதெல்லாம் பந்தயக்காரர்கள் கண்டு வளர்த்த வித்தை. நான் மெட்ராஸில் டிப்ளமா படித்துக்கொண்டிருந்தபோது நண்பர்களோடு ஒரு முறை சோழவரம் போயிருக்கிறேன். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தும். வாரநாட்களில் டாக்சியாகப் பார்த்த ஃபியட்டும் அம்பாசடரும் அங்கே சைலன்சர் இல்லாமல் அலறிக்கொண்டு போகும். வெயிலில் நின்று பார்த்து இரண்டு நாள் காது கேட்காமல் திரிந்தேன். பிறகு 1990-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்தத் தடம் வந்தது. கோயம்புத்தூர் கரிவர்தன் மாருதி எஞ்சினை வைத்துப் பந்தயக் கார்களே கட்டினார். 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்தார். அவர் பெயரில் கோவையில் ஒரு தடம் இருக்கிறது. வார்ப்பும் லேத்தும் வெல்டிங்கும் தெருவுக்குத் தெரு தெரிந்த அந்த ஊரில் ஹெட்டர் செய்பவர்கள் இருப்பதில் ஆச்சரியமில்லை.

என் கதைக்கு வருகிறேன். பொன்மலை டீசல் ஷெட்டில் ஆரம்பித்துப் பல ஊர் சுற்றி 2018-ல் ஓய்வு பெற்றேன். மனைவி பிறந்த ஊர் ஒற்றசேகரமங்கலம். நெய்யாற்றுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலமும் பழைய வீடும் இருந்ததால் இங்கேயே வந்துவிட்டோம். மூத்த மகளை நெய்யாற்றின்கரையில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை தங்கமானவர், ஆனால் கார்ப் பைத்தியம். 2008-ம் வருட ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினார். 1298 சி.சி., 87 குதிரைச் சக்தி. நன்றாகத்தான் ஓடியது. 2022 மார்ச்சில் ஒரு நாள், "மாமா, ஹெட்டர் ஆர்டர் கொடுத்திருக்கேன். இங்கே உள்ள மெக்கானிக்குகளுக்குப் பழக்கமில்லை. நீங்க கூட இருந்தா நாமளே மாட்டிடலாம்" என்றார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். மாப்பிள்ளையிடம் மாமனார் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வது எளிதல்ல என்பது ஒன்று. இரண்டாவது காரணத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன்: நாலு வருடமாக ஸ்பானர் பிடிக்காத கை எனக்கு அரித்துக்கொண்டிருந்தது. பதினாறு சிலிண்டர், 2600 குதிரைச் சக்தி எஞ்சின்களின் மேனிஃபோல்டைக் கழற்றி மாட்டியவனுக்கு இந்தப் பொம்மை எஞ்சின் எம்மாத்திரம் என்ற கர்வம்.

பெட்டி வந்தது. பதினாலாயிரம் ரூபாய். வளைவுகள் அழகாகத்தான் இருந்தன. கீழே பார்த்தால் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழாய். "அதை எடுத்தாத்தான் மாமா பவர் வரும்" என்றார் மாப்பிள்ளை. கன்வர்ட்டர் என்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு போன்ற பொருள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் கெடுதல் குறைந்த வாயுக்களாக மாற்றுவது அதன் வேலை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன்.

பழைய மேனிஃபோல்டைக் கழற்றுவதற்குள் ஒரு நாள் போயிற்று. பதினாலு வருடச் சூட்டில் நட்டுகள் ஸ்டட்டோடு ஒட்டிப்போயிருந்தன. முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்தும் ஒரு ஸ்டட் முறிந்தது. வெள்ளறடையிலிருந்து வெல்டிங்காரரை அழைத்து, முறிந்த முனையில் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்துத் திருகி எடுத்தோம். பின் புது ஹெட்டரின் ஃபிளாஞ்சை, அதாவது எஞ்சினில் உட்காரும் தட்டையான பட்டையை, எஃகு ஸ்கேல் வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். நடுவில் வெளிச்சம் தெரிந்தது. ஃபீலர் கேஜ் விட்டேன்; அரை மில்லிமீட்டர் நுழைந்தது. வெல்டிங் சூட்டில் பட்டை வளைந்திருக்கிறது. ஷெட்டில் என் கீழ் வேலை செய்த பையன் இப்படி ஒரு துண்டைக் கொண்டுவந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன், திட்டும் சேர்த்து. அன்று என்ன செய்தேன் தெரியுமா? "பேக்கிங் அமுங்கி அடைத்துவிடும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு முடுக்கிவிட்டேன்.

இன்னொரு கணக்கும் சொல்ல வேண்டும். அரை மீட்டர் எஃகுக் குழாய் 500 டிகிரி சூடேறினால் சாதா எஃகு சுமார் 3 மில்லிமீட்டரும், துருப்பிடிக்காத எஃகு 4 மில்லிமீட்டருக்கு மேலும் நீளும். எஞ்சின் வேறு ரப்பர் மவுண்டிங்கில் ஆடிக்கொண்டிருக்கும். இரண்டையும் தாங்க வழியில் வளைந்து கொடுக்கும் பெல்லோஸ் வேண்டும். டீசல் எஞ்சின் மேனிஃபோல்டிலும் இதற்காகவே பெல்லோஸ் உண்டு. வந்த ஹெட்டரில் அது இல்லை. இரண்டு மூன்று முறை சூடாகி ஆறிய பிறகு நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும் என்பதும் விதி. மாப்பிள்ளை அடுத்த நாளே வண்டியோடு போய்விட்டார். நானும் கூப்பிட்டு நினைவூட்டவில்லை.

வண்டி உறுமியது. மாப்பிள்ளைக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "எப்படி இழுக்குது பாத்தீங்களா மாமா!" என்றார். எனக்கு இழுப்பில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தெரிந்தால் ஐயாயிரம் சுற்றுக்கு மேல்தான் தெரிய வேண்டும். ஆரியன்கோட்டு வளைவுகளிலும் ரப்பர் தோட்டத்து ஏற்றங்களிலும் யார் ஐயாயிரம் சுற்றில் ஓட்டப் போகிறார்கள்? ஒரு மாதத்தில் லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுத்த வண்டி பன்னிரண்டுக்கு வந்தது. புகைக்குழாயில் கசிவு இருந்தால் அதன் வழியே வெளிக்காற்றும் உள்ளே நுழையும். ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டு எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றச் சொல்லும்.

ஜூன் மாத மழை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் ஐந்து வயதுப் பேத்தியும் மார்த்தாண்டத்தில் கல்யாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். களியக்காவிளையில் மழையும் நெரிசலுமாக முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார்கள். கண்ணாடி ஏற்றியிருக்கிறது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்தபோது குழந்தை தூக்கத்தில் துவண்டிருந்தாள். எழுப்பினால் தலை வலிக்கிறது என்று அழுதாள், வாந்தி எடுத்தாள். "கல்யாண வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கலை" என்றாள் என் மனைவி. "எனக்கும் தலை கனக்குதுப்பா" என்றாள் மகள். இருவர் ஒரே சாப்பாடு சாப்பிட்டிருக்கலாம். ஆனால் தலைவலி ஏன் இருவருக்கும்? எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது.

குழந்தையைத் திண்ணைக் காற்றில் உட்காரவைத்தோம். பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம் என்று நானே டாக்டரிடம் சொன்னேன். ஆக்சிஜன் வைத்தார்கள். இரவுக்குள் தெளிந்தாள், தோசை கேட்டாள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமாக அதைப் பிடித்துக்கொள்ளும். குழந்தைகள் வேகமாக மூச்சு விடுவதால் அவர்களுக்கு முதலில் ஏறும்.

மறுநாள் காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காதில் வைத்து மறு முனையை ஃபிளாஞ்ச் நெடுக நகர்த்தினேன். மூன்றாவது சிலிண்டர் பக்கத்தில் "சிக்... சிக்... சிக்" என்று தெளிவாகக் கேட்டது. அதே அரை மில்லிமீட்டர். அங்கே கசிந்த புகை பானெட்டுக்கு அடியில் நிறைந்து, முன் கண்ணாடியின் கீழே காற்று எடுக்கும் வாய் வழியாக உள்ளே போயிருக்கிறது. ஓடும் வண்டியில் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். நெரிசலில் நின்ற வண்டியில் போக இடமில்லை. கன்வர்ட்டரையும் எடுத்துவிட்டதால் புகையில் அந்த விஷம் பல மடங்கு. புகைப் பரிசோதனையில் காட்டியபோது, அந்தக் காருக்கு 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாத கார்பன் மோனாக்சைடு 1.9 என்று வந்தது.

மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் பேசினேன். "தப்பு உங்க மேல இல்லை மாப்பிள்ளை. பட்டை வளைஞ்சிருக்குன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றே பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு, கன்வர்ட்டர், புதுப் பேக்கிங், புது நட்டுகள் எல்லாம் நடுவிலிருந்து இரு பக்கமாக முறைப்படி முடுக்கி மாட்டினோம். மூன்று நாள் கழித்து நானே நெய்யாற்றின்கரைக்குப் போய் மறுபடி முடுக்கிவிட்டு வந்தேன். 2023-ல் பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போனபோது வண்டி ஒரே தடவையில் தேறியது.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. நம் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. புகை, சத்த விதிகளை மீறினால் பத்தாயிரம் வரை. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கவும் இடமுண்டு. மூடிய தடத்தில் பந்தயம் ஓடும் வண்டிக்கு ஹெட்டர் போடுவது வேறு விஷயம். அங்கேயும் எஞ்சினின் கம்ப்யூட்டரை அதற்கேற்பத் திருத்தாமல் முழுப் பலன் கிடைக்காது.

அந்தக் கோவைக் குழாய் இன்னும் எங்கள் விறகுப்புரையில் ஆணியில் தொங்குகிறது. சாதா எஃகு, இரண்டு மழைக்காலத்தில் துரு பிடித்துவிட்டது. போன ஓணத்துக்கு வெள்ளறடைப் பையன் ஒருவன் அதை விலைக்குக் கேட்டு வந்தான். நான் அதை இறக்கி, அவன் கையில் எஃகு ஸ்கேலைக் கொடுத்து, ஃபிளாஞ்சின் மேல் வைத்து வெயிலுக்கு நேரே பிடிக்கச் சொன்னேன். "வெளிச்சம் தெரியுதா?" என்றேன். "தெரியுது அங்கிள், கொஞ்சம்தானே" என்றான். பேத்தி அப்போது திண்ணையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டு, அந்த மழைநாள் கதையை அவள் வாயாலேயே அவனுக்குச் சொல்லச் சொன்னேன்.