தீபாவளி கூட்டத்தில் மோசடி ஆசாமிகள் கைவரிசை: போனஸ் பணம் பத்திரம்!

சென்னை,

தீபாவளி நெருங்கி விட்டால் தியாகராயநகர் ரங்கநாதன் தெருவில் யாரும் நடக்க வேண்டியது இல்லை. கூட்டமே தள்ளிக்கொண்டு போய் விடும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு, புரசைவாக்கம் கடைவீதிகளிலும் இதே கதிதான்.

போனஸ் பணத்தோடு துணிமணி வாங்க ஒரு கூட்டம் வருகிறது. அந்தப் பணத்தையே குறி வைத்து இன்னொரு கூட்டமும் வருகிறது. கண்காணிப்பு கோபுரம், கேமரா, மப்டி போலீஸ் எல்லாம் இருந்தும் பலர் ஏமாறுகிறார்கள். காரணம், இந்த ஆசாமிகள் கத்தியைக் காட்டுவது இல்லை. பேசியே காரியத்தை முடித்து விடுகிறார்கள்.

10 ரூபாய் நோட்டு

பாங்கியில் பணம் எடுத்து வந்து ஸ்கூட்டரில் பையை மாட்டுகிறார் ஒருவர். "சார், உங்க பணம் கீழே கிடக்கு" என்று ஒரு குரல். தரையில் சில 10 ரூபாய் நோட்டுகள். அவர் குனிந்து பொறுக்குவதற்குள் பை அபேஸ்!

நோட்டைப் போட்டவன் ஒருவன், குரல் கொடுத்தவன் ஒருவன், பையைத் தூக்கியவன் இன்னொருவன். "சட்டையில் அசிங்கம் பட்டிருக்கு" என்பதும் இதே தந்திரம்தான். யார் கூப்பிட்டாலும் முதலில் பையைப் பிடிக்கணும், பிறகுதான் திரும்பணும்.

பொட்டலத்தில் கல்

வயதான பெண்களிடம் வேறு நாடகம். "நாங்க போலீஸ். அடுத்த தெருவில் செயின் பறிப்பு நடந்திருக்கு. நகையைக் கழற்றி பத்திரமா வச்சுக்குங்கம்மா" என்பார்கள். அவர்களே காகிதத்தில் மடித்தும் கொடுப்பார்கள். வீட்டில் பிரித்தால் உள்ளே கல்!

நிஜ போலீஸ்காரர் நடுத்தெருவில் நகையைக் கழற்றி வாங்கி மடித்துத் தர மாட்டார். அப்படி யாராவது சொன்னால் உடனே பக்கத்துக் கடைக்குள் நுழைந்து விடுவது நல்லது.

தீபாவளி சீட்டு

மாதம் 500 ரூபாய் வீதம் 12 மாதம் கட்டினால் 6 ஆயிரம் ரூபாய். அதற்கு தங்கக்காசு, வெள்ளிக்காசு, மளிகை, இனிப்பு, பட்டாசு எல்லாம் தருவதாகச் சொல்கிறார்கள். விலையைக் கூட்டிப் பார்த்தால் கட்டிய பணத்தை விட அதிகம் வருகிறது. மிச்சப் பணம் எங்கிருந்து வரும்? தீபாவளிக்கு 10 நாள் முன்பு கடையில் பூட்டு தொங்கும்போதுதான் பலருக்கு விடை தெரிகிறது.

சீட்டு நடத்த முன் அனுமதியும் பதிவும் வேண்டும் என்கிறது 1982-ம் ஆண்டு சட்டம். ஒழுங்குமுறைக்கு உட்படாத டெபாசிட் திட்டங்களை 2019-ம் ஆண்டு சட்டம் தடை செய்கிறது. தெரிந்தவர், பக்கத்து வீட்டுக்காரர் என்பதெல்லாம் ரசீது ஆகாது.

போனில் பட்டாசு

"சிவகாசி விலை, பாதிக்குப் பாதி தள்ளுபடி" என்று செல்போனில் விளம்பரம் வருகிறது. பணம் அனுப்பியதும் அந்த நம்பர் அணைந்து விடும். இணையதளங்கள் பட்டாசு விற்க சுப்ரீம் கோர்ட்டு 2018 அக்டோபரிலேயே தடை விதித்து விட்டது.

"உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, இந்தக் கட்டத்தை ஸ்கேன் பண்ணி ரகசிய எண்ணைப் போடுங்க" என்பதும் டூப்புதான். பணம் வாங்க ரகசிய எண் தேவையே இல்லை. எண்ணைப் போட்டால் பணம் போகும், வராது.

உடனே 1930

செல்போன் மோசடியில் பணம் போய் விட்டால் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லணும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன்பு தகவல் போனால் நிறுத்தி வைக்க வழி உண்டு. தெருவில் நடந்தால் 100.

ஆனால், "வீட்டில் திட்டுவாங்க, ஊர் சிரிக்கும்" என்று பலர் மறுநாள் வரை வாயைத் திறப்பது இல்லை. அந்த ஒரு ராத்திரி போதும், ஆசாமி கம்பி நீட்டி விடுவான். ஏமாந்தது வெட்கம் இல்லை. மறைத்தால்தான் நஷ்டம்.